அபிடவிட்டில் மட்டும் வரும் மஞ்சள் காமாலை

கொஞ்சம் நீளமான பதிவு. அடுப்பில் பாலை வைத்துவிட்டு யாரும் படிக்க உட்கார வேண்டாம்.

போன வாரம் நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில், வக்கீலாக இருக்கிற ஒரு தம்பி ஒரு செய்தியைப் போட்டிருந்தான். வக்கீலை நுகர்வோர் கோர்ட்டுக்கு இழுக்க முடியாது என்று 2024 மே 14-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு அது. கூடவே அவன் சொந்தமாக ஒரு வரி: "கேஸ் தோத்தவன் எல்லாம் வக்கீலைக் குறை சொல்றதுக்கு இதுதான் பதில்." கீழே ஏழெட்டு கைதட்டல் பொம்மை. போட்டவர்களில் மூன்று பேருக்கு நான் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அங்கேயே பதில் எழுதியிருப்பேன். ஆனால் அந்தக் குழுவில் எது எழுதினாலும் நாலு குட் மார்னிங் படத்துக்கு அடியில் புதைந்துவிடுகிறது. அதனால் இங்கே.

தம்பி, உன்னைத் திட்டுவதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். வக்கீல்கள் எல்லாம் திருடர்கள் என்று சொல்கிற கூட்டத்தில் நான் இல்லை. நம் குடும்பத்திலேயே சிலர் கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்து அப்படிப் பேசுவார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

தாலுகா ஊரில் வக்கீல் தொழில் எப்படிப்பட்டது என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். என்னிடம் ஐந்தாம் வகுப்பு வரை படித்த ஒரு பெண் முன்சீப் கோர்ட்டுக்கு எதிரில், ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்தில் ஒரு அறை எடுத்து உட்கார்ந்திருக்கிறாள். சென்னையில் என்றால் கம்பெனி வழக்குக்கு ஒருவர், வரி வழக்குக்கு ஒருவர், விவாகரத்துக்கு ஒருவர் என்று இருப்பார்கள். இங்கே எல்லாம் அவள்தான். காலையில் வாடகை வீட்டைக் காலி பண்ணச் சொல்லும் வழக்கு, பதினொன்றரைக்கு மாஜிஸ்திரேட் கோர்ட்டில் ஒரு ஜாமீன், மதியம் ஜீவனாம்சம், சாயங்காலம் செக் திரும்பி வந்ததற்கு ஒரு நோட்டீஸ். நடுவில் பட்டாவில் பெயர் மாற்ற மனு எழுதித் தரச் சொல்லி ஒரு பாட்டி. அந்தப் பாட்டி தருவது இரண்டு முருங்கைக்காய்.

ஜூனியராக இருந்த முதல் மூன்று வருஷம் அவளுக்குக் கையில் கிடைத்தது பஸ் காசு. ஜூனியர்களுக்கு மாதம் 15,000 முதல் 20,000 வரையாவது கொடுங்கள் என்று 2024-இல் பார் கவுன்சில் சுற்றறிக்கை விட்டது. அது பரிந்துரைதான். எத்தனை சீனியர்கள் மதித்தார்கள் என்று ஜூனியர்களைக் கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்கள். தொழிலுக்குள் நுழையும்போதே பதிவுக் கட்டணம் என்று பல மாநிலங்களில் ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டிருந்தார்கள். சட்டத்தில் உள்ளது 750 ரூபாய்தான், பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 125, அதற்கு மேல் வாங்காதே என்று உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டி வந்தது. அதுவும் 2024-இல்தான், ஜூலையில். ஓய்வூதியம் கிடையாது. படுத்தால் வருமானம் நின்றுபோகும். என்னைப் போல ஒன்றாம் தேதி சம்பளம் வாங்கியே பழகியவர்களால் அந்த வாழ்க்கையை ஒரு மாதம் ஓட்ட முடியாது.

இந்தப் பெண் ஒவ்வொரு கட்சிக்காரருக்கும் நாற்பது பக்க நோட்டு ஒன்று போட்டுக் கொடுக்கிறாள். வாய்தா தேதி, அன்றைக்கு என்ன நடந்தது, அடுத்த தேதி, வாங்கிய பணம், கீழே அவள் கையெழுத்து. வழக்கு நிற்காது என்றால் முகத்துக்கு நேரே "நிக்காது அண்ணாச்சி, காசை வீணாக்காதீங்க" என்பாள். அப்படிச் சொன்னதற்காகவே அவளை விட்டுவிட்டு வேறு வக்கீலிடம் போனவர்கள் உண்டு. இவள் மாதிரி ஆட்களுக்காகத்தான் எனக்குக் கோபம். அது கடைசியில் புரியும்.

இனி அக்கா கதை. என் பெரியம்மா மகள். சொந்தக்காரர்களுக்கு யார் என்று தெரியும், பெயர் வேண்டாம். புருஷன் போன பிறகு கொழுந்தன்மார் பங்கு தரவில்லை. 62 சென்ட் நஞ்சையும் ஒரு ஓட்டு வீடும். 2018-இல் சப் கோர்ட்டில் பாகப்பிரிவினை வழக்குப் போட்டாள். வக்கீல் ஊரில் பெயர் உள்ளவர்தான். நான்கு வருஷம் வழக்கு நடந்தது. 2022 ஜூன் மாதம் ஒரு வாய்தாவுக்கு வக்கீலும் போகவில்லை, அக்காவையும் வரச் சொல்லவில்லை. வாதி தரப்பில் யாரும் ஆஜராகவில்லை என்று வழக்கு தள்ளுபடி ஆகிவிட்டது. கோர்ட் பாஷையில் டிஃபால்ட் தள்ளுபடி.

வக்கீலுக்கும் காய்ச்சல் வரும், வண்டி பஞ்சர் ஆகும். அதுவரை நான் குற்றம் சொல்ல மாட்டேன். அப்படித் தள்ளுபடி ஆன வழக்கைத் திரும்ப எடுக்கச் சட்டம் 30 நாள் தருகிறது. ஒரு மனுப் போட்டால் தீர்ந்தது. அவர் போடவில்லை. போடாதது மட்டும் இல்லை. அடுத்த இரண்டரை வருஷம் அக்கா போன போதெல்லாம் "வாய்தா போட்டிருக்கு, போயிட்டு வாங்க" என்று சொல்லி 500 ரூபாய் வாங்கியிருக்கிறார். குமாஸ்தாவுக்குத் தனியாக 100. செத்துப்போன வழக்குக்கு 14 தடவை. அக்கா பால் ஊற்றிச் சேர்த்த காசு. அவள் படித்தது மூன்றாம் வகுப்பு. ஆனாலும் ஒவ்வொரு தேதியையும் தினசரிக் காலண்டர் தாளில் குறித்துக் கிழித்து டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாள்.

2024 டிசம்பரில் பாலிடெக்னிக் படிக்கும் பேரன் சும்மா போனில் இ-கோர்ட்ஸ் தளத்தில் பாட்டி பெயரைப் போட்டுப் பார்த்திருக்கிறான். அப்போதுதான் தெரிந்தது. அதற்குள் கொழுந்தன்மார் 30 சென்ட்டை விற்றுவிட்டார்கள்.

கேஸ் கட்டைக் கேட்டால் பாக்கி ஃபீஸ் 20,000 வைத்தால்தான் தருவேன் என்றார் வக்கீல். ஃபீஸ் பாக்கிக்காகக் கட்சிக்காரரின் கட்டைப் பிடித்து வைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி 25 வருஷம் ஆகிறது. 2000 ஆகஸ்டில், போபால் கூட்டுறவு வங்கி ஒன்றின் வக்கீல் விவகாரத்தில். பாக்கி இருந்தால் தனியாக வழக்குப் போட்டு வாங்கிக்கொள், கட்டைக் கொடுத்துவிடு என்பதுதான் சட்டம். உங்கள் யாருடைய கட்டையாவது யாராவது பிடித்து வைத்திருந்தால் இந்த வரியை அவரிடம் காட்டுங்கள்.

அடுத்த வக்கீலைத் தேடினோம். நம்ம ஊரில் மூன்று பேர். மூன்று பேரும் ஒரே பதில்: "சார்கிட்ட என்.ஓ.சி. வாங்கிட்டு வாங்கம்மா." நாலாவதாகப் பக்கத்துத் தாலுகாவில் ஒருவர் எடுத்துக்கொண்டார். தாமதத்தை மன்னிக்கும் மனு எழுதினார். அக்கா கையெழுத்துப் போடும் முன் என்னிடம் காட்டினாள். நான் வாசித்துச் சொன்னேன். "மனுதாரர் மஞ்சள் காமாலையால் பாதிக்கப்பட்டு நாட்டு வைத்தியம் பார்த்து வந்தபடியால்" என்று இருந்தது.

அக்கா என் முகத்தைப் பார்த்தாள். "எனக்கு எப்பம்மா மஞ்சக்காமாலை வந்துச்சு?"

வரவில்லை. எங்கள் குடும்பத்தில் யாருக்குமே வந்ததில்லை. அந்த வக்கீலிடம் கேட்டேன். அவர் மறைக்கவும் இல்லை. "எல்லாரும் இப்படித்தாங்க டீச்சர் போடுவோம். சாரைப் பத்தி எழுதினா நாளைக்கு நான் அந்த பார்ல போய் உட்கார முடியுமா?" என்றார். தாமத மனுக்களில் மஞ்சள் காமாலை எவ்வளவு சகஜம் என்று கோர்ட் வாசலில் டீ விற்பவருக்குக்கூடத் தெரியும். அந்தப் பக்கத்து வக்கீலுக்கும் தெரியும். அதனாலேயே குறுக்கு விசாரணையில், "காமாலையில் படுத்திருந்தவர் பேத்தி சடங்கில் எப்படி சந்தனம் கொடுத்தார்?" என்று கேட்பார்.

இதில் உள்ள அநியாயத்தைப் பாருங்கள். பொய் சொன்னவர் வக்கீல். அந்தப் பொய்யை மூட இன்னொரு பொய். அந்த இரண்டாவது பொய்யைச் சத்தியப் பிரமாணம் வைத்துச் சொல்ல வேண்டியவள் அக்கா. மாட்டினால் மாட்டுவதும் அவள். உண்மையை எழுதினால் அவளுக்கு நல்லது. வக்கீலின் தவறுக்கு, தன் பங்கை எல்லாம் ஒழுங்காகச் செய்த கட்சிக்காரர் கஷ்டப்படக் கூடாது என்று 1981-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பிறகு வந்த சில தீர்ப்புகள் கட்சிக்காரரும் விழிப்பாக இருக்க வேண்டும் என்று கொஞ்சம் இறுக்கிப் பிடித்தன, அதுவும் சரிதான். ஆனால் டப்பா நிறையக் காலண்டர் தாள் வைத்திருக்கிறவளைவிட விழிப்பான கட்சிக்காரர் எங்கே கிடைப்பார்? அந்தத் தாள்களைக் கோர்ட்டில் காட்ட முடியாமல் செய்தது எது? தொழில் பாசம். வேறொன்றும் இல்லை.

விஷயம் வெளியே கசிந்ததும் நாலு வக்கீல்கள் அக்கா வீட்டுக்கு வந்தார்கள். மிரட்டவில்லை, அதையும் சொல்ல வேண்டும். காபி குடித்தார்கள். "புகார் கிகார்னு போயிடாதீங்கம்மா, வாங்கின காசைத் திருப்பிக் கொடுக்கச் சொல்றோம்" என்றார்கள். 7,000 ரூபாயைத் திருப்பிக் கொடுப்பார்களாம். 30 சென்ட்டை?

அந்த நாலு பேரில் இருவர் என் மாணவர்கள். டீச்சரைப் பார்த்ததும் எழுந்து நின்றார்கள். மரியாதைக்குக் குறைவில்லை.

இப்போது உன் வாட்ஸ்அப் வரிக்கு வருகிறேன், தம்பி.

அந்தத் தீர்ப்பை நான் படித்தேன். ஆங்கிலம்தான், நம் பள்ளியில் ஆங்கிலம் எடுத்த ஒரு சாரை வைத்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்து படித்தேன். வக்கீல் கட்சிக்காரரின் சொல்லுக்குக் கட்டுப்பட்டுத் தனிப்பட்ட சேவை செய்கிறவர், அது வியாபாரம் இல்லை, எனவே நுகர்வோர் சட்டத்துக்குள் வர மாட்டார் என்கிறது. டாக்டர்கள் 1995 முதல் அதற்குள்தான் இருக்கிறார்கள், அது வேறு பேச்சு. வக்கீல் கோர்ட்டுக்கும் கடமைப்பட்டவர், பிரஷர் குக்கர் மாதிரி அவருக்கு வாரண்டி கேட்க முடியாது என்றால் நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே தீர்ப்பு, தொழில் தவறுக்காக வக்கீல் மீது வழக்கே போட முடியாது என்று யாரும் அர்த்தம் பண்ணிக்கொள்ளக் கூடாது என்றும் சொல்கிறது. நீ போட்ட படத்தில் அந்தப் பகுதியை வெட்டிவிட்டாய்.

கொஞ்சம் பின்னால் போய்ப் பார். 1998-இல் ஒரு வழக்கு. அவமதிப்பு வழக்கில் கோர்ட்டே வக்கீலின் உரிமத்தை நிறுத்தி வைக்கலாமா என்ற கேள்வி. கூடாது, அது பார் கவுன்சில் வேலை என்றது உச்ச நீதிமன்றம். 2016-இல் நம் சென்னை உயர் நீதிமன்றம் விதிகளைத் திருத்தி, தவறு செய்யும் வக்கீலைத் தானே தடை செய்யலாம் என்று கொண்டுவந்தது. தமிழ்நாடு முழுக்கப் போராட்டம், புறக்கணிப்பு. நீயும் கொடி பிடித்தாய், போட்டோ பார்த்தேன். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்த விதிகளை ரத்து செய்தது. காரணம் அதேதான்: அது பார் கவுன்சில் அதிகாரம். 2024-இல் நுகர்வோர் கோர்ட்டும் இல்லை என்று ஆயிற்று. ஆக, வேறு யாரும் எங்களைக் கேட்கக் கூடாது, நாங்களே எங்களைக் கேட்டுக்கொள்வோம் என்று நீங்கள் கேட்டீர்கள். கிடைத்துவிட்டது. சரி, கேட்டீர்களா?

1961-ஆம் வருஷத்து வக்கீல் சட்டத்தில் 36பி என்று ஒரு பிரிவு இருக்கிறது. மாநில பார் கவுன்சிலுக்குப் புகார் வந்தால் ஒரு வருஷத்துக்குள் முடிக்க வேண்டும், முடியாவிட்டால் இந்திய பார் கவுன்சிலுக்கு மாற்ற வேண்டும். நல்ல சட்டம். இந்த ஒரு வருஷக் கெடுவை மதியுங்கள் என்று உச்ச நீதிமன்றம் 2021 டிசம்பரில் பார் கவுன்சில்களுக்குத் தனியாக உத்தரவு போட வேண்டி வந்தது. வீட்டுப்பாடம் எழுது என்று ஆசிரியர் சொல்வது சகஜம். பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் என்று ஒன்று உண்டு என்பதையே தலைமை ஆசிரியர் ஞாபகப்படுத்த வேண்டி வந்தால் அந்த வகுப்பு எப்படி இருந்திருக்கும்?

விசாரிப்பது யார்? மூன்று பேர் கொண்ட குழு. மூன்று பேரும் வக்கீல்கள். இரண்டு பேர் பார் கவுன்சில் உறுப்பினர்கள். அந்த உறுப்பினர்களை, நம் மாநிலத்தில் 25 பேரை, தேர்தலில் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதும் வக்கீல்கள். அடுத்த தேர்தலில் ஊர் ஊராக ஓட்டுக் கேட்டுப் போக வேண்டியவர், அந்த ஊர் பாரில் செல்வாக்கான சீனியரைத் தண்டிக்க வேண்டும். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் கை கூசும்.

ஆசிரியராக இருந்தவர்களுக்கு 17-ஏ, 17-பி என்றால் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். அரசு ஊழியர் தவறு செய்தால் வரும் குற்றச்சாட்டு மெமோ. 17-ஏ சின்னது, 17-பி பெரியது. 17-பி வந்துவிட்டால் முடியும் வரை பதவி உயர்வு இல்லை, ஓய்வு பெறும் நாளில் வந்தால் பென்ஷனே சிக்கும். விசாரணை அதிகாரி வேறு இடத்திலிருந்து வருவார். நாம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர் இல்லை. எங்களுக்கும் சங்கம் இருந்தது. நானும் சந்தா கட்டினேன், மறியலில் உட்கார்ந்தேன். சங்கம் எங்களுக்காக வாதாடும். ஆனால் சங்கத் தலைவரே விசாரணை அதிகாரியாக வந்து உட்கார்ந்ததில்லை. பிள்ளையை அடித்த ஆசிரியரை ஆசிரியர்கள் மட்டுமே விசாரிப்போம் என்று நாங்கள் சொல்லியிருந்தால், தம்பி, உன் அப்பா பள்ளிக்கூட வாசலில் வந்து என்ன பேசியிருப்பார் என்று யோசி.

விதிகளில் குறை என்று நினைக்காதீர்கள். பார் கவுன்சில் விதிகளைப் படித்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருக்கிறது. விளம்பரம் செய்யக் கூடாது. ஜெயித்தால் இத்தனை சதவீதம் என்று பேசக் கூடாது (விபத்து இழப்பீட்டு வழக்குப் போட்டவர்கள் இந்த இடத்தில் சிரிக்கலாம்). வழக்கில் உள்ள சொத்து கோர்ட் ஏலத்துக்கு வந்தால் அந்த வழக்கின் வக்கீல் அதை வாங்கக் கூடாது. கட்சிக்காரர் பணத்துக்குக் கணக்கு வைக்க வேண்டும். வழக்கை நடுவில் விடுவதென்றால் முன்கூட்டிச் சொல்லி, வேலை செய்யாத பங்குக்கு ஃபீஸைத் திருப்பித் தர வேண்டும். புகார் கொடுத்தவர் சமாதானமாகி வாபஸ் வாங்கிவிட்டார் என்ற ஒரே காரணத்துக்காக விசாரணையைக் கைவிடக் கூடாது என்றுகூட விதி இருக்கிறது. அந்த நாலு பேர் காபி குடிக்க வருவார்கள் என்று விதி எழுதியவருக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

இது புதுக் கதையும் இல்லை. சென்னையில் ஒரு வயதான தம்பதி. கணவருக்குக் காது கேட்காது. இரண்டு புரோநோட்டுக்கு வழக்குப் போடச் சொல்லி வக்கீலிடம் பணம் கொடுத்தார்கள். வழக்கே போடாமல், போட்டாயிற்று என்று சொல்லி நாளைக் கடத்தினார் அவர். மாநில பார் கவுன்சில் ஆறு வருஷம் தொழில் செய்யத் தடை விதித்தது. இந்திய பார் கவுன்சில் அதை ஒரு வருஷமாக்கியது. 1978-இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ண ஐயர், அவர் ஏழைகளுக்கு இலவசச் சட்ட உதவி வேலை பார்க்க வேண்டும், பாதிக்கப்பட்டவருக்கு 2,500 ரூபாய் கொடுக்க வேண்டும் என்று வித்தியாசமாக ஒரு தண்டனை சொன்னார். அது போதுமா என்று அன்றைக்கும் கேட்டிருப்பார்கள். எனக்கு அதில் பிடித்தது ஒன்று. பாதிக்கப்பட்டவர் கைக்கும் ஏதாவது போக வேண்டும் என்று ஒரு நீதிபதிக்குத் தோன்றியது. வக்கீல் சட்டத்தில் கண்டிக்கலாம், நிறுத்தி வைக்கலாம், பெயரை நீக்கலாம். 30 சென்ட்டை இழந்தவளுக்கு நஷ்ட ஈடு என்று ஒரு வார்த்தை 35-ஆம் பிரிவில் இல்லை.

இங்கிலாந்தில் சொலிசிட்டர்களை விசாரிக்கும் தீர்ப்பாயத்தில் மூன்று பேர் உட்கார்ந்தால் அதில் ஒருவர் வக்கீல் அல்லாத பொது ஆள். தீர்ப்பை எல்லாரும் படிக்கும்படி வெளியிடுகிறார்கள். அங்கே யாரும் வக்கீல் தொழில் அழிந்துவிட்டது என்று அழவில்லை. இங்கே சட்ட ஆணையம் 2017-இல் தன் 266-ஆவது அறிக்கையில் வக்கீல் சட்டத்தைத் திருத்தச் சொன்னது. நாடு முழுக்க வேலை நிறுத்தம். 2025 பிப்ரவரியில் அரசு ஒரு வரைவைப் போட்டது. மறுபடி போராட்டம், வரைவைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். வக்கீல்களுக்கு வேலை நிறுத்தம் செய்ய உரிமையே இல்லை என்று 2002-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் இந்த இடத்தில் ஞாபகப்படுத்திவிடுகிறேன்.

உங்கள் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. அரசாங்கம் தன் ஆட்களை பார் கவுன்சிலுக்குள் உட்கார வைத்தால், அரசை எதிர்த்து வழக்கு நடத்தும் வக்கீலை நாளைக்கு அதே கவுன்சிலை வைத்து மடக்கும். அதற்கு நானும் எதிர்ப்புத்தான். ஆனால் அரசு ஆள் வேண்டாம் என்பதும் வெளியாள் யாருமே வேண்டாம் என்பதும் ஒன்றா? ஓய்வு பெற்ற மாவட்ட நீதிபதி ஒருவரை உயர் நீதிமன்றம் நியமிக்கட்டும். வக்கீல் அல்லாத ஒரு கௌரவமான பொது ஆளையும் உட்கார வைக்கட்டும். உயர் நீதிமன்றமே 2004-இல் மதுரைக்கு வந்தது. ஒழுங்குக் குழுவும் வருஷத்தில் சில நாளாவது ஒவ்வொரு மாவட்டத் தலைநகரிலும் உட்காரட்டும். பால்காரி ஒருத்தி ராத்திரி ரயிலேறிச் சென்னை போனால் காலையில் மாட்டை யார் கறப்பது? முடிவான உத்தரவை எல்லாக் கோர்ட் அறிவிப்புப் பலகையிலும் தமிழில் ஒட்டட்டும்.

தோற்றவன் வக்கீலைக் குறை சொல்வான் என்றாய். சொல்வான், பொய்ப் புகாரும் கொடுப்பான். அதனால்தான் ஒரு வருஷக் கெடு உன்னைப் போன்றவர்களுக்கே அதிகம் வேண்டும். பொய்ப் புகார் தலையில் தொங்க ஐந்தாறு வருஷம் தொழில் செய்கிற நல்ல வக்கீலின் நிலைமையை யோசி. சீக்கிரம் விசாரித்தால் அவன் சீக்கிரம் வெளியே வருவான். விசாரிக்காமல் கிடந்தால் ஊர் பேச்சில் அவனும் மற்றவனும் ஒன்று.

மஞ்சள் காமாலை மனுவில் அக்கா கையெழுத்துப் போடவில்லை. நாற்பது பக்க நோட்டுக்காரியிடம் நான் கேட்டேன். இரண்டு நாள் யோசித்தாள். பிறகு உண்மையை அப்படியே எழுதி மனுப் போட்டாள். காலண்டர் தாள்களையும் சேர்த்தாள். மனு இன்னும் விசாரணையில் இருக்கிறது. முடிவு எப்படி வரும் என்று நான் சொல்ல மாட்டேன், அது கோர்ட் வேலை. அதற்குப் பிறகு பார் அசோசியேஷன் அறையில் அவள் உள்ளே வந்தால் பேச்சு நிற்கிறதாம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒரு நாள் வர முடியவில்லை. அவளுக்குப் பதில் நின்று ஒரு வாய்தா கேட்க ஒருத்தரும் முன்வரவில்லை. அந்த வழக்கும் டிஃபால்ட்டில் போகாமல் தப்பியது நீதிபதியின் கருணை. அக்காவை ஏமாற்றியவருக்கு என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? போன மாதம் பார் ஆண்டு விழாவில் அவர்தான் குத்துவிளக்கு ஏற்றினார்.

தம்பி, தவறு செய்தவர் ஒருவர். அவரை மூடி மறைத்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார். என்.ஓ.சி. கேட்ட மூன்று பேர், காமாலை எழுதிய ஒருவர், காபி குடித்த நாலு பேர், கைதட்டல் பொம்மை போட்ட ஏழெட்டுப் பேர். இவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. நான் வளர்த்த பிள்ளைகளும் இதில் இருக்கிறார்கள். ஆனால் உண்மையைச் சொன்ன ஒரே வக்கீலை மட்டும் தனியாக உட்கார வைத்திருக்கிறீர்கள். நுகர்வோர் கோர்ட் வராததற்குக் கைதட்டினாய் அல்லவா, அவளுக்காக ஒரு வாய்தா நின்றுவிட்டு வா, பிறகு பேசுவோம்.

சொந்தங்களுக்கு ஒரு வார்த்தை. எந்த வழக்குக்கும் சி.என்.ஆர். எண் என்று 16 இலக்க, எழுத்து எண் ஒன்று உண்டு. வக்கீலிடம் முதல் நாளே கேட்டு வாங்குங்கள். இ-கோர்ட்ஸ் தளத்திலோ ஆப்பிலோ அதைப் போட்டால் அடுத்த வாய்தா தேதி, வழக்கு உயிரோடு இருக்கிறதா இல்லையா, எல்லாம் வரும். காசு கிடையாது. கொடுக்கும் பணத்துக்கு ரசீது கேளுங்கள். நல்ல வக்கீல் கோபித்துக்கொள்ள மாட்டார். எண் இல்லாவிட்டால் பெயரை வைத்தும் தேடலாம். அது தெரியாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் வீட்டுக்கு வாருங்கள், போனில் சார்ஜ் போட்டுக்கொண்டு வாருங்கள். என் பேத்தி சொல்லித் தருவாள். எனக்கும் அவள்தான் சொல்லித் தந்தாள்.